கலிங்க மாகன்: பகைவர் எழுதிய மன்னனும் பின்வந்தோர் கட்டிய மன்னனும்

முல்லைத்தீவின் குருந்தூர் மலை செய்திகளில் அடிபடும்போதெல்லாம், எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு மன்னனின் பெயரும் கூடவே எழுகின்றது. அவன்தான் கலிங்க மாகன். சிங்கள முகநூல் பக்கங்களில் அவன் விகாரைகளை இடித்த கொடியவன். தமிழ்ப் பக்கங்கள் பலவற்றில் அவன் சைவம் காத்த வீரன். இரு சாராரும் அவனை நேற்று இறந்தவனைப் போலப் பேசுகின்றார்கள். இந்தப் பதிவுகளை எமது முஸ்லிம் இளைஞர்களும் பகிர்கின்றார்கள். சிலர் அந்தப் பக்கம், சிலர் இந்தப் பக்கம்.

நான் வன்னியில் பிறந்தவன். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, பல வருடங்கள் புத்தளத்தில் வாழ்ந்து, பின்னர் ஊர் திரும்பியவன். வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன். மாகனை ஏசுவதற்கோ புகழ்வதற்கோ எனக்கு எந்தத் தேவையும் இல்லை. ஆனால் அவனது கதையை நாம் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று உறுதியாக நம்புகின்றேன். ஏன் என்பதைக் கட்டுரையின் முடிவில் சொல்கின்றேன்.

ஒரு செய்தி வந்தால் அதைச் சொன்னவர் யார், அவர் நேரில் கண்டவரா, யாரிடமிருந்து கேட்டார், அவருக்கு அதில் என்ன நலன் இருந்தது என்று கேட்பது எமக்குப் புதிய பழக்கம் அல்ல. ஹதீஸ் கலை அறிஞர்கள் இதை ஒரு தனி அறிவுத் துறையாகவே வளர்த்தார்கள். செய்தியைத் தீர விசாரிக்கும்படி சூரா அல்ஹுஜுராத் எமக்குக் கட்டளையிடுகின்றது. மாகனின் கதைக்கும் அதே அளவுகோலை வைத்துப் பார்ப்போம்.

அவன் வருவதற்கு முன்

மாகன் நிமிர்ந்து நின்ற ஒரு பேரரசை வீழ்த்தினான் என்றுதான் பொதுவாகச் சொல்லப்படுகின்றது. அவன் வந்தபோது பொலன்னறுவை அரசு ஏற்கனவே தள்ளாடிக்கொண்டிருந்தது என்பதே உண்மை.

முதலாம் பராக்கிரமபாகு 1186இல் இறந்தான். அடுத்து 1187 முதல் 1196 வரை நிஸ்ஸங்கமல்லன் ஆண்டான். இந்த நிஸ்ஸங்கமல்லனே கலிங்க நாட்டிலிருந்து வந்தவன்தான். இலங்கையின் முடி கலிங்க வம்சத்துக்கே உரியது என்றும், பௌத்தர் அல்லாதவர்களைச் சிம்மாசனத்தில் அமர்த்தக் கூடாது என்றும் கல்வெட்டுகளில் பொறித்து வைத்தவன் அவன்.

அவன் இறந்த 1196க்கும் மாகன் வந்த 1215க்கும் இடையில் பத்துக்கும் மேற்பட்ட தடவைகள் முடி கைமாறியது. ஒருவன் ஒரு நாள்தான் ஆண்டான். பராக்கிரமபாகுவின் விதவையான லீலாவதி மூன்று தடவைகள் அரியணை ஏற்றப்பட்டாள். தர்மாசோகன் அரசனாக்கப்பட்டபோது அவன் மூன்று மாதக் குழந்தை. தளபதிகள் அரசர்களை ஆக்கினார்கள், அவர்களே அழித்தார்கள். சோடகங்கன் என்ற அரசனின் கண்களைப் பறித்து அவனை நீக்கியவன் கித்தி என்ற சிங்களத் தளபதி. ஒவ்வொரு தரப்பும் சோழ நாட்டிலிருந்தும் பாண்டிய நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் கூலிப்படைகளைக் கொண்டுவந்தது. கடைசியாக 1212இல் ஆட்சியைப் பிடித்த பராக்கிரம பாண்டியனும் பெயருக்கு ஏற்றபடி பாண்டியனே.

இந்தப் பின்னணி தெரியாமல் மாகனைப் புரிந்துகொள்ள முடியாது. அவன் திறந்து கிடந்த கதவு வழியாக உள்ளே வந்தவன்.

1215: படையெடுப்பும் ஆட்சியும்

ஹிஜ்ரி 612 அளவில், அதாவது 1215இல், மாகன் இலங்கையில் இறங்கினான். அவனோடு 24,000 வீரர்கள் வந்ததாகச் சூளவம்சம் சொல்கின்றது. அவர்களில் பெரும்பாலோர் கேரளர். பராக்கிரம பாண்டியன் பிடிபட்டான். அவனது கண்கள் பறிக்கப்பட்டன. மாகன் பொலன்னறுவையில் முடிசூடி 21 ஆண்டுகள் ஆண்டான்.

அந்த ஆட்சி பற்றிச் சூளவம்சம் தருவது ஒரு நீண்ட குற்றப் பட்டியல். இரத்தினவாலி முதலான தாதுகோபங்கள் உடைக்கப்பட்டன. விகாரைகள் படைவீரர்களின் இருப்பிடங்களாயின. ஏட்டுச் சுவடிகளின் கயிறுகள் அறுக்கப்பட்டு ஏடுகள் வீசப்பட்டன. செல்வந்தர்கள் துன்புறுத்தப்பட்டுப் பொருள் பறிக்கப்பட்டது. கிராமங்களும் வயல்களும் தோட்டங்களும் கால்நடைகளும் கேரள வீரர்களுக்குப் பகிரப்பட்டன. பிக்குகள் புத்தரின் தந்ததாதுவையும் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு கொத்மலைப் பகுதிக்குத் தப்பி, அங்கே புதைத்துப் பாதுகாத்தார்கள்.

இவற்றை நாம் எளிதாகக் கடந்துவிடக் கூடாது. 1258இல் ஹுலாகுவின் படை பக்தாதில் நுழைந்து நூலகங்களை அழித்ததை எமது உம்மத் இன்றும் வேதனையோடு நினைவுகூர்கின்றது. கிழிந்த ஏடுகளின் வலி எமக்குத் தெரியும். அதே நூற்றாண்டில் பொலன்னறுவையிலும் அனுராதபுரத்திலும் ஏடுகளை இழந்த ஒரு சமூகத்தின் நினைவும் அப்படிப்பட்டதுதான் என்று முதலில் ஏற்றுக்கொள்வோம்.

அதன் பிறகு அறிவிப்பாளர் யார் என்று கேட்போம். சூளவம்சத்தின் இந்தப் பகுதியை எழுதியவர்கள் பிக்குகள். விகாரைகளின் நிலமும் வருமானமும் பறிக்கப்பட்டதால் நேரடியாகப் பாதிக்கப்பட்ட தரப்பு அவர்கள். மாகனைப் பற்றிப் பேசும் இன்னொரு முக்கிய நூலான பூஜாவலிய 1266இல் எழுதப்பட்டது. அப்போது ஆட்சியில் இருந்தவன் மாகனின் எதிரியான இரண்டாம் பராக்கிரமபாகு. ஆகவே எமக்குக் கிடைப்பது பாதிக்கப்பட்டவரின் சாட்சியம். வெற்றி பெற்ற எதிரியின் ஆதரவில் வாழ்ந்தவரின் சாட்சியமும் அதுவே. சாட்சி பாதிக்கப்பட்டவர் என்பதற்காக அவர் பொய்யர் ஆகமாட்டார். அதற்காக அவர் சொல்வது மட்டுமே முழுக் கதையும் ஆகிவிடாது. 21 ஆண்டுகள் ஒருவன் வெறும் கொள்ளையினால் மட்டும் ஒரு நாட்டை வைத்திருக்க முடியாது. அவனுக்கு வரி கட்டியவர்கள் இருந்திருப்பார்கள். அவனோடு உடன்பட்டு நடந்தவர்களும் இருந்திருப்பார்கள். அந்தப் பக்கத்தை எழுதுவதற்கு அவனது அரசவையிலிருந்து ஒரு நூலும் எமக்கு எஞ்சவில்லை.

ரஜரட்டவின் வீழ்ச்சியை மாகன் ஒருவன் தலையில் மட்டும் கட்ட முடியாது என்பதையும் இலங்கையின் வரலாற்றாசிரியர்கள் எப்போதோ எடுத்துக்காட்டிவிட்டார்கள். பேராசிரியர் கா. இந்திரபாலா தொகுத்து 1971இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு இந்தக் கேள்வியையே எடுத்துக்கொண்டது. அரசியல் குழப்பம், குளங்களைப் பராமரித்த நிர்வாகம் சிதைந்தமை, மலேரியா எனப் பல காரணங்கள் அறிஞர்களால் பேசப்படுகின்றன. குளக்கட்டு உடைந்து, அதைக் கட்டுவதற்கு ஆளில்லாமல் போனால் ஊர் காடாகிவிடும். வன்னியில் பிறந்தவனுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

வன்னியில் மாகனின் கோட்டைகள்

மாகனும் அவனது துணைவனான ஜயபாகுவும் படைகளை நிறுத்திய இடங்களின் பட்டியலைச் சூளவம்சம் தருகின்றது. பொலன்னறுவை, கந்தளாய், பதி, குருந்தி, மாதோட்டம், மன்னார், வலிகாமம் ஆகியன அதில் உள்ளன. பதி என்பது பதவியா. குருந்தி என்பது குருந்தூர் மலைப் பிரதேசம். வரைபடத்தில் இந்தப் புள்ளிகளை இணைத்துப் பாருங்கள். மன்னார்க் கரையிலிருந்து வன்னி ஊடாகத் திருகோணமலைப் பக்கம் வரை ஒரு வளையம் கிடைக்கும். இந்தியாவிலிருந்து ஆளும் பொருளும் வரும் துறைமுகங்களையும், உணவு தரும் குளங்களையும் அவன் கையில் வைத்திருந்தான்.

குருந்தி மாகனுக்கு முன்பே பழைய பௌத்தத் தலம். மாகனின் காலத்தில் அது ஒரு படை முகாம். பின்னர் அங்கே சுற்றுவட்டாரத் தமிழ் விவசாயிகள் ஆதிசிவன் ஐயனாரை வணங்கினார்கள். ஒரே மலை மூன்று காலங்களில் மூன்று விதமாக இருந்திருக்கின்றது. இதில் எந்த ஒன்றும் மற்ற இரண்டையும் பொய்யாக்கிவிடாது.

பௌத்தம் என்றாலே சிங்களம், தமிழ் என்றாலே சைவம் என்ற கணக்கும் அந்தக் காலத்துக்குப் பொருந்தாது. திருகோணமலைக்கு அருகே வெல்கம் விகாரைக்கு இராஜராஜப் பெரும்பள்ளி என்ற பெயர் இருந்தது. அங்கே கிடைத்த 11ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் தமிழ் பேசியவர்கள் அந்த விகாரைக்கு அளித்த தானங்களைச் சொல்கின்றன.

வன்னி அரசர்கள் பற்றிய பேச்சும் சூளவம்சத்தில் இந்தக் காலப்பகுதியில்தான் வருகின்றது. பொலன்னறுவையின் பிடி தளர்ந்தபோது காட்டுக்கும் குளத்துக்கும் இடையில் சிறு தலைவர்கள் எழுந்தார்கள். வடக்கே உருவான அரசுக்கும் தெற்கே நகர்ந்த அரசுக்கும் நடுவில் கிடந்த நிலமே வன்னி. இரு பக்கமும் இழுபடுவது அன்றே அதன் தலைவிதியாகிவிட்டது.

வீழ்ச்சியும் ஒரு விசித்திரமான பின்கதையும்

மாகனை எதிர்த்தவர்கள் மலைகளில் அரண் கட்டினார்கள். சுப என்ற தளபதி யாப்பகுவவிலும், புவனேகபாகு என்பவன் கோவிந்த மலையிலும், சங்க என்பவன் கங்காதோணியிலும் நிலைகொண்டார்கள். பின்னர் தம்பதெனியவில் மூன்றாம் விஜயபாகு ஓர் அரசை நிறுவி, தந்ததாதுவைக் கொத்மலையிலிருந்து மீட்டான். அவனது மகன் இரண்டாம் பராக்கிரமபாகு 1236இல் ஆட்சிக்கு வந்தான். மாகனின் பொலன்னறுவை ஆட்சி அந்த அளவில் முடிந்தது. அவன் வடக்கே ஒதுங்கி ஏறத்தாழ 1255 வரை தாக்குப்பிடித்தான் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றார்கள். அவனது மரணத்தைச் சூளவம்சம் பதிவு செய்யவில்லை. 21 வருட ஆட்சியை அத்தனை விரிவாகத் திட்டித் தீர்த்த நூல், அவனது முடிவைப் பற்றி மௌனமாக இருக்கின்றது.

1247இல் இன்னொரு படையெடுப்பு வந்தது. சந்திரபானு என்ற சாவக மன்னன், இன்றைய தென் தாய்லாந்தில் இருந்த தாம்பிரலிங்க அரசிலிருந்து வந்தான். தானும் பௌத்தன் என்று சொல்லிக்கொண்டே நாட்டைப் பிடிக்க முயன்று தோற்றான். 1260களில் மறுபடியும் வந்தான். இம்முறை பாண்டிய, சோழ நாட்டுத் தமிழ் வீரர்களோடு மாதோட்டத்தில் இறங்கினான். பதி, குருந்தி முதலிய பகுதிகளில் வாழ்ந்த சிங்களவர்களைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டான். பிறகு யாப்பகுவவை நோக்கிச் சென்றான். இதை எழுதியிருப்பதும் அதே சூளவம்சம்தான்.

இதைச் சற்று நிதானித்துப் பாருங்கள். வன்னியின் சிங்களக் குடிகள், ஒரு பௌத்த சாவக மன்னனோடும் அவனது தமிழ்ப் படையோடும் சேர்ந்து, ஒரு பௌத்த சிங்கள மன்னனுக்கு எதிராக நின்றார்கள். இன்று முகநூலில் நாம் காணும் இனக் கணக்குகளுக்குள் இதை எப்படி அடைப்பது? அந்தக் கால மனிதர்கள் வேறு கணக்கில் வாழ்ந்தார்கள். அது யார் பாதுகாப்புத் தருவான், யார் நிலம் தருவான் என்ற கணக்கு.

இறந்த பின் வளர்ந்த மாகன்

மனிதன் இறந்தான். கதை வளரத் தொடங்கியது.

கிழக்கில் அவன் மாகோன் ஆனான். 1962இல் எவ். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியத்தில் அவன் கொள்ளைக்காரன் அல்ல. கோயில்களை ஒழுங்குபடுத்தி, யார் யாருக்கு எந்த உரிமை, எந்த ஊழியம் என்று வகுத்துக் கொடுத்த சட்டம் தந்த அரசன். ஒரே மனிதனை ஒரு நூல் ஒழுங்கைக் குலைத்தவன் என்கின்றது. மற்றையது ஒழுங்கைத் தந்தவன் என்கின்றது.

இதில் எமக்கும் ஒரு தொடர்பு உண்டு. கிழக்கு மாகாணத்தில் தமிழரிடம் போலவே முஸ்லிம்களிடமும் தாய்வழிக் குடி முறை இருக்கின்றது. பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்கு ஒருவர் என்ற அடிப்படையில் மரைக்காயர்கள் அமர்ந்ததை மூத்தவர்கள் அறிவார்கள். தாய்வழி முறை கேரளத்திலும் பரவலாக இருந்ததால், மாகனோடு வந்த கேரள வீரர்களின் குடியேற்றத்துக்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று எண்ணிய ஆய்வாளர்கள் உண்டு. கேரளத்தோடு எமது முன்னோருக்குக் கடல் வழித் தொடர்பும் தனியாக இருந்தது. எப்படியாயினும், இரு சமூகங்களும் ஒரே குடி முறையைப் பகிர்ந்து வாழ்ந்தன என்பதை அந்த ஏற்பாடே காட்டுகின்றது.

வடக்கில் கதை வேறு திசையில் போனது. 18ஆம் நூற்றாண்டில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை, முதல் மன்னனாகக் கூழங்கைச் சக்கரவர்த்தியைச் சொல்கின்றது. கூழங்கை என்பது காலிங்கன் என்பதன் திரிபு என்று முதலியார் செ. இராசநாயகம் வாதிட்டார். அந்த வழியில் மாகனை யாழ்ப்பாண அரசின் தொடக்கத்தோடு இணைத்தவர்கள் உண்டு. இன்னொரு பக்கம் பேராசிரியர் பரணவிதான, கலிங்கம் என்பது இந்தியாவின் ஒரிசாக் கரையே அல்ல, மலாய் உலகில் இருந்தது என்றார். அதைப் பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் ஏற்கவில்லை. இவ்வாறு மாகன் எங்கிருந்து வந்தான் என்பதே நூறு வருட வாதமாகியது. தேசியவாதம் வளர வளர அந்த வாதம் நூலகத்தை விட்டு வெளியேறி மேடைக்கு வந்தது. பின்னர் மேடையிலிருந்து கைபேசிக்கு வந்துவிட்டது.

எமக்கு இதில் என்ன?

இதே போன்ற ஒரு கதையை இந்திய முஸ்லிம்கள் நன்கு அறிவார்கள். 1026இல் கஸ்னி மஹ்மூத் சோமநாதர் ஆலயத்தைத் தாக்கினான். அந்த ஒரு நிகழ்வைக் காட்டி இருபதாம் நூற்றாண்டில் ரத யாத்திரையும் புறப்பட்டது. வரலாற்றாசிரியர் ரொமிலா தாப்பர் அந்தப் பழைய ஆதாரங்களை ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்தபோது வேறு சித்திரங்களும் வெளிவந்தன. அவற்றில் ஒன்று 1264ஆம் ஆண்டுக் கல்வெட்டு. ஹொர்முஸைச் சேர்ந்த நூருத்தீன் பிரூஸ் என்ற வணிகர் அதே சோமநாத நகரில் பள்ளிவாசல் கட்டியதையும், அதற்கு அவ்வூர் இந்துப் பெரியவர்கள் நிலம் கிடைக்க உதவியதையும் சமஸ்கிருதத்திலும் அறபியிலும் அது பதிந்து வைத்திருக்கின்றது. கதையில் வாளும் இருந்தது, அயலவரும் இருந்தார்கள். பின்வந்தோர் வாளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

எமது நாட்டிலும் அப்படித்தான். மாகனை எதிர்த்துச் சுப அரண் கட்டிய அதே யாப்பகுவ, சில பத்தாண்டுகளில் தலைநகரானது. அங்கிருந்து முதலாம் புவனேகபாகு 1283இல் எகிப்தின் மம்லூக் சுல்தானிடம் தூதுக்குழு அனுப்பி வணிக உறவு கேட்டான். 1344இல் இப்னு பதூதா புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தபோது, அந்தத் தமிழ் மன்னனுக்குப் பாரசீக மொழி தெரிந்திருந்தது. சிங்கள அரசவையும் தமிழ் அரசவையும் முஸ்லிம் உலகோடு பேசிக்கொண்டிருந்த நாடு இது. இந்தப் பக்கங்கள் எந்த முகநூல் சண்டையிலும் பகிரப்படுவதில்லை.

மாகனின் கதை எமக்கு ஏன் வேண்டும் என்று தொடக்கத்தில் கேட்டேன். காரணம் இதுதான். இறந்த மன்னனின் பெயரால் காணி அளக்கும் பழக்கம் குருந்தூர் மலையோடு நின்றுவிடவில்லை. கூரகலவில் தப்தர் ஜெய்லானியின் நிலை எமக்குத் தெரியும். பொத்துவில் முகுது மகா விகாரையைச் சுற்றிய காணிப் பிரச்சினையும் தெரியும். 2020இல் கிழக்கின் தொல்பொருள்களுக்கு அமைக்கப்பட்ட ஜனாதிபதி செயலணியில் ஆரம்பத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. நாளை எமது ஊர்ப் பள்ளிவாசலுக்குப் பின்னாலும் ஒரு பழைய செங்கல் கிடைக்கலாம். அப்போது நாம் என்ன நியாயத்தைக் கேட்போமோ, அதே நியாயத்தைக் குருந்தூரில் மற்றவர்களுக்கும் கேட்க வேண்டும். அங்கே பழைய விகாரை இருந்தது என்பதை மறுக்காத நியாயம் அது. இன்று அங்கே வணங்குபவனின் உரிமையைப் பறிக்காத நியாயமும் அதுவே.

மறுபக்கமும் உண்டு. வன்னி தமிழ் மன்னர்களின் மண், அதனால் தமிழருக்கு மட்டுமே சொந்தம் என்ற பேச்சுக்கும் ஒரு விலை இருந்தது. அதை நாம் கொடுத்தோம். 1990இல் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் கையில் கிடைத்ததை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம் என்று எமது ஊர்களின் பெயர்களை அகதி முகாமில் பிறந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. வரலாற்றின் பெயரால் ஒருவரை மண்ணிலிருந்து நீக்கலாம் என்ற எண்ணம் எந்த மொழியில் சொல்லப்பட்டாலும் ஒன்றுதான். ஆகவே மாகனைத் தூக்கிப் பிடிப்பவரோடும் அவனைக் காட்டி மிரட்டுபவரோடும் நாம் சேர முடியாது.

ஹுலாகு செய்ததற்கு இன்றைய மொங்கோலியனை நாம் குற்றம் சாட்டுவதில்லை. ஹுலாகுவின் கொள்ளுப் பேரனான கஸான் 1295இல் இஸ்லாத்தைத் தழுவினார். மாகன் செய்ததற்குத் தண்ணிமுறிப்பில் வயல் செய்யும் தமிழ் விவசாயி பொறுப்பல்ல. தந்ததாதுவைத் தோளில் சுமந்து ஓடிய பிக்குகளின் துயரம், இன்னொருவரின் வயலைப் பறிக்க அனுமதிப்பத்திரமும் அல்ல. ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்று சூரா அல்மாயிதா எச்சரிப்பது இத்தகைய இடங்களுக்கும்தான்.

எமது இளைஞர்களிடம் நான் கேட்பது இரண்டு விடயங்கள். மாகனைப் பற்றிய அடுத்த பதிவு உங்கள் கைபேசிக்கு வரும்போது, பகிர்வதற்கு முன் அதைச் சொன்னவர் யார் என்று ஒரு தடவை கேளுங்கள். அடுத்தது, வன்னியில் எமது பள்ளிவாசல்கள், மையவாடிகள், கிணறுகள், வயல் உறுதிகள் பற்றிய தகவல்களை இப்போதே எழுதி வையுங்கள். பெரியவர்கள் உயிரோடிருக்கும்போதே அவர்களிடம் கேட்டு, பெயரும் வருடமும் போட்டுப் பதியுங்கள். மாகனுக்கு அவன் தரப்பிலிருந்து எழுத ஒருவரும் இருக்கவில்லை. அதனால் எதிரிகள் எழுதியதும் பின்வந்தோர் கற்பனை செய்ததும்தான் மிஞ்சின. எமது ஊர்களுக்கு அந்த நிலை வர நாம் விடக் கூடாது.